ட்ரோல் குகையும் அதன் செல்வமும்

குகை என்னுஞ் சொல் செவியிற்பட்ட மாத்திரத்தே மாந்தர் உள்ளத்தில் இருவகை எண்ணங்கள் எழுதல் இயல்பு. ஒன்று அச்சம், மற்றொன்று ஆசை. உள்ளே கொடியதோர் உயிர் உறையும் என்பது அச்சம். அவ்வுயிரின் பின்னே விலைமதிப்புள்ள பொருள் யாதோ கிடக்கும் என்பது ஆசை. இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருப்பின் குகைக்குள் நுழைவார் ஒருவரும் இரார். இரண்டும் சேர்ந்திருத்தலாலேயே உலகத்துப் பழங்கதைகளிற் பாதி குகைவாயிலிலே தொடங்குகின்றன. இக்காலத்து இளைஞர் பலர்க்கு அவ்வாயில் கணினித் திரையிலே திறக்கிறது.

கணினி விளையாட்டு என்றவுடனே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் கூற்றில் உண்மை சிறிதும் இல்லையென்று யாம் சொல்லத் துணியோம்; தேர்வுக்கு முந்திய இரவிலே விளையாடிக் கெட்டவரை யாரும் அறிவர். ஆயினும், விளையாட்டு நன்றா தீதா என்று பொதுப்படப் பேசுவதால் விளையும் பயன் ஒன்றுமில்லை. நூல்கள் எல்லாம் நல்லன என்றோ எல்லாம் தீயன என்றோ சொல்வார் உண்டோ? ஒரு நூலை எடுத்து அதன்கண் உள்ளதை நோக்குதலே முறை. ஆகவே யாமும் ஒரே ஒரு விளையாட்டை, அதிலும் ஒரே ஒரு குகையை எடுத்துக்கொள்கின்றோம்.

அவ்விளையாட்டின் பெயர் வால்ஹைம் என்பது. சுவீடன் தேசத்து ஷொவ்டே நகரிலே அயர்ன் கேட் என்னும் சிறு குழுவினர் இதனை ஆக்கினர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், இன்னும் முற்றுப்பெறாத நிலையிலேயே, இது வெளியாயிற்று. அப்பொழுது அக்குழுவில் இருந்தோர் ஐவரே என்பதும், ஒரு திங்களுக்குள் ஐம்பது இலட்சம் படிகள் விற்றன என்பதும் வியப்புக்குரியன. கதை எளிது. போர்க்களத்தில் மாண்ட வடநாட்டு வீரன் ஒருவன் பத்தாவது உலகம் ஒன்றிற் கொணர்ந்து விடப்படுகிறான். ஓடின் என்னும் தெய்வத்தின் பழம் பகைவரை அவன் வெல்லல் வேண்டும். ஆனால் வருங்கால் அவன் கையில் வாளுமில்லை, உடலிற் கவசமுமில்லை. மரம் வெட்டி, கல் பொறுக்கி, வேட்டையாடி, குடில் கட்டி, பசி தீர்த்து, அதன் பின்னரே போர் நினைக்கலாகும்.

இவ்வீரன் முதலிற் புகும் பெருங்காடு கருங்காடு எனப்படும். ஊசியிலை மரங்கள் செறிந்து பகலிலும் இருள் கவிந்த காடு அது. செம்பும் வெள்ளீயமும் அங்கேதான் கிடைத்தலின், அதனுட் புகாது வெண்கலம் காண்டல் அரிது. அக்காட்டினிடையே ஆங்காங்குப் பாறைத் திரட்சியில் ஒரு கரிய வாய் தென்படும். அதுவே ட்ரோல் குகை. ட்ரோல் என்றவுடன், இணையத்தில் பிறரை வைது மகிழும் கூட்டத்தாரை நினைந்துவிடற்க! வடநாட்டார் கதைகளில் மலையிலும் குகையிலும் வாழும் பேருருவப் பூதமே ட்ரோல். அவ்விழிகூட்டத்தார்க்கு இப்பெயரை இட்டது அப்பூதத்துக்கு இழைத்த அநீதி என்றே எமக்குத் தோன்றுவதுண்டு.

விளையாட்டில் வரும் ட்ரோல் நீலநிற மேனியும் கூனிய முதுகும் உடையது. சில வெறுங்கையால் அறையும். சில முழு மரத்தைப் பிடுங்கித் தண்டாக ஏந்தி வரும். அக்காட்டின் வெளியிலும் இவை திரிவன. வெளியில் திரியும் ட்ரோல் ஒன்றின் சினத்தைக் கிளப்பிவிட்டு, அதன் அடி செம்புப் பாறையின்மேல் விழுமாறு விலகி விலகி நின்று, பாறையை அதனைக்கொண்டே உடைப்பிக்கும் சூழ்ச்சிக்காரரும் உளர். குகையினுள் அவ்வித்தை பலிக்காது. அங்கே விலக இடமில்லை; வெளிச்சமும் இல்லை. கணக்குப் பார்த்தாலே நடுக்கம் வரும்: பசித்த வயிற்றோடு நிற்கும் வீரனுக்கு உயிர்வலிமை 25, காட்டுப் பன்றிக்கு 10, ட்ரோலுக்கோ 600.

இவ்விடத்து ஒரு சிறு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். குகைவாயிலில் நுழைந்தவன் நிலத்தின் அடியிற் செல்வதாகவே நினைப்பான். உண்மையிலோ, அக்குகையறை அவ்வுலகத்தின் வானத்தில், யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் தொங்குகிறது; வாயில் அவனை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. பாதாளத்தை வானத்திலே கட்டிய இவ்வேலைப்பாட்டின் விளைவாக, உள்ளிருக்கும் பூதம் வாயிலைக் கடந்து வெளியே வர இயலாது. புகுபவன் தப்பி ஓடலாம். குடியிருப்பவனுக்கு ஓட வழியில்லை. இதனைப் படிப்பவர் சற்று நினைவில் வைத்திருப்பாராக.

அக்குகை ஊட்டும் அச்சம் நன்மை பயப்பது என்பது எம் முதற் கருத்து. திடுக்கிடச் செய்வது வேறு, அஞ்சச் செய்வது வேறு. இருட்டிலிருந்து முகமூடி ஒன்று திடீரெனத் தோன்றினால் எவனும் திடுக்கிடுவான். அதில் அறிவுக்கு வேலையில்லை. ட்ரோல் குகையோ புகுமுன்பே அஞ்ச வைக்கிறது. உண்ட உணவு போதுமா, அம்புகள் எத்தனை, தீவட்டி எவ்வளவு நேரம் எரியும், திரும்பும் வழி எது என்று புகுபவன் எண்ணிப் பார்த்தே அடியெடுத்து வைக்கிறான். தண்டத்தால் அடித்தால் அப்பூதத்துக்கு உறைப்பது குறைவு. அம்பும் ஈட்டியும் குத்தினால் மிகுதி. இதனை அறிந்தவன் பிழைப்பான், வீம்புக்காரன் மாள்வான்.

மாண்டால் யாது நிகழும்? அவன் தன் படுக்கையிலே மீண்டும் கண் விழிப்பான். ஆனால் உடுத்தவை, ஏந்தியவை, ஈட்டியவை அனைத்தும் மாண்ட இடத்திலே ஒரு கல்லறைக்குள் தங்கிவிடும். பயின்ற திறமைகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துபோம். கல்லறையோ பூதத்தின் காலடியில் நிற்கும். வெறுங்கையோடு அவ்விருளுக்குள் மீண்டும் போதல் வேண்டும். விளையாட்டென்றால் இழப்பில்லாத இன்பம் என்று கருதுவோர் ஒருமுறை இதனைச் செய்து பார்க்கட்டும்.

தனியே போதல் கட்டாயமன்று. பதின்மர் வரை ஒரே உலகத்தில் கூடி ஆடலாம். நண்பருடைய உண்மை நிறம் வெளிப்படும் இடம் இதுவே. கல்லறையை மீட்கச் சென்றவனுக்காக வாயிலிலே காத்திருப்பவன் யார், உள்ளே உறுமல் கேட்டதும் ஊர் நோக்கி ஓடுபவன் யார் என்பது அப்போது தெரியும். ஐஸ்லாந்து நாட்டிலே 14-ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பெற்ற கிரெட்டிர் சரிதத்தில் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உளது. நீர்வீழ்ச்சியின் பின்னேயுள்ள குகையில் ஒரு பூதம் வாழ்கிறது. வீரனாகிய கிரெட்டிர் கயிற்றை மேலே கட்டி, அதனைக் காக்கும் பொறுப்பை ஸ்டெய்ன் என்னும் குருவானவரிடம் ஒப்புவித்துக் கீழே பாய்கிறான். உள்ளே போர் நிகழ்கிறது. ஆற்றில் குருதி கலந்து வருதலைக் கண்ட குருவானவர், வீரன் மடிந்தான் என்று முடிவுகட்டி, கயிற்றை விட்டுவிட்டு வீடு சேர்கிறார். மடிந்தது பூதம். கிரெட்டிர் தன் கைவலியாலேயே கயிறுபற்றி ஏறினான். பின்னர் அவரைக் கண்டபோது, கயிற்றைக் காத்த அழகு இதுதானோ என்ற பொருள்படக் கூறவும் செய்தான். அவரும் அதனை மறுத்திலர். எம் விடுதியிலும் ஸ்டெய்ன்கள் இல்லாமற் போகவில்லை. பெயர் சொல்லோம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். "பூதமும் குகையும் சிறுவர்க்குரிய பேச்சு, கல்லூரி மாணவர் இவற்றைப் பற்றி வியாசம் எழுதுவதோ?" என்று கேட்பர் சிலர். இக்கேள்வி புதிதன்று. பேயோவுல்ப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றியும் கற்றோர் நெடுங்காலம் இங்ஙனமே குறைகூறி வந்தனர். வீரர் குலங்களின் பகையும் அரசர் வீழ்ச்சியுமாகிய பெரும்பொருள்களை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கிரெண்டெல் என்னும் அரக்கனையும் அவன் தாயையும் ஒரு நாகத்தையும் நடுவில் வைத்தாரே அப்புலவர் என்பது அவர்தம் வருத்தம். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் பிரித்தானியக் கழகத்தில் டோல்கீன் என்னும் பேராசிரியர் இதனை மறுத்துரைத்தார். அரக்கர் அக்காவியத்துக்கு நேர்ந்த பழுது அல்லர். அவர்களை நடுவில் வைத்தமையாலேயே ஒரு குலத்தாரின் சண்டையைக் கடந்து மனிதன் இருளோடும் இறப்போடும் போராடும் போராட்டத்தைப் பாட அப்புலவர்க்கு இயன்றது என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டிலேயே அவர் தம் சிறுவர் கதையொன்றில் மூன்று ட்ரோல்களையும் அவற்றின் குகையையும் வைத்தார். அவை விடியலின் ஒளிபட்டுக் கல்லாயின. வால்ஹைமில் வரும் ட்ரோலுக்கு அந்நோய் இல்லை. பட்டப்பகலிலும் அது மரத்தைச் சுழற்றும்.

நிற்க. அச்சத்தைப் பற்றி இவ்வளவு புகழ்ந்துவிட்டோம். இனி ஆசையின் பக்கம் வருவோம். இங்கேதான் அக்குகையை ஆக்கியோரோடு யாம் மாறுபடுகின்றோம்.

ட்ரோல் மடிந்த பின் வீரன் செய்வது யாது? அதன் தோலை எடுக்கிறான். அதனைத் தைத்து, பதுங்கி நடத்தற்கு உதவும் நீலச் சட்டை செய்துகொள்கிறான். இது வேட்டை, குளிர்நாட்டில் வாழ்வார்க்கு உரியது, யாம் குறைகூறோம். அதன்பின் குகையின் மூலையிலுள்ள பேழைகளைத் திறக்கிறான். நாணயங்கள் இருக்கின்றன, சில வேளை செம்மணி இருக்கும், எலும்புத் துண்டுகளும் இருக்கும். நாணயத்தால் அவ்வுலகத்தில் வேறு பயன் அரிது. கருங்காட்டிலேயே கடை வைத்திருக்கும் ஹால்டோர் என்னும் வணிகனிடம் கொடுத்தால் சில அரும்பொருள்கள் தருவான். அவற்றுள் தலையாயது மெகின்யோர்ட் என்னும் இடைக்கச்சு; வடநாட்டுப் புராணத்தில் தோர் என்னும் இடித்தெய்வம் அணிந்தது அது. விலை 950 நாணயம். அதனை அணிந்தவன் முன்னினும் 150 அளவு மிகுதியாகச் சுமை தூக்கலாம். அதாவது, ஒரு குகையைச் சூறையாடிப் பெற்ற பொருளால், அடுத்த குகையிலிருந்து மிகுதியாகச் சுமந்து வரும் ஆற்றலை வாங்குகிறோம்! வணிகர் உலகத்தின் போக்கை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடநூல் வேறொன்று உண்டோ என்று ஐயுறுகின்றோம்.

பழங்கதை வீரர் யாது செய்தனர் என்பதை இதனோடு வைத்துப் பார்க்க. பேயோவுல்ப் நீருக்கடியிலிருந்த அரக்கியின் குகைக்குள் தனியே இறங்கிப் போராடினான். குருதியால் நீர் நிறம் மாறவே, கரையில் நின்ற தானியர் அவன் இறந்தான் என்று திரும்பிவிட்டனர். அவன் நாட்டார் மட்டும் நம்பிக்கையற்றும் நீங்காது நின்றனர். வென்றபின் அக்குகையிற் கிடந்த செல்வங்கள் பலவற்றை அவன் கண்டான். கண்டும், கிரெண்டெலின் தலையையும், போரிற் கைகொடுத்த பழவாளின் கைப்பிடியையும் அன்றி வேறொன்றையும் எடுத்திலன். வாளின் அலகு சூடான குருதியால் உருகிப்போயிற்று; ஆகவே பிடி மட்டுமே எஞ்சியது. அப்பிடியையும் தனக்கென வைத்துக்கொள்ளாது ஹிரோத்கார் அரசன் கையிற் கொடுத்தான். கிரேக்கர் கதையில் வரும் ஒடிசியூஸ் இதற்கு நேர்மாறு. ஒற்றைக்கண்ணன் வெளியே போயிருந்தபோது அவன் குகையில் நுழைந்து, அவன் பாலாடைக்கட்டியைத் தின்று, விருந்துப் பொருளும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். தோழர் அறுவரை இழந்ததே அவன் கண்ட விருந்து. வால்ஹைம் வீரன் இவ்விருவரில் ஒடிசியூசின் வழியினன் என்பது வெளிப்படை.

கிரெட்டிரையும் மறத்தலாகாது. அவன் முற்றத்துறந்த முனிவனல்லன். அக்குகையில் அவனுக்குப் பொருள் எவ்வளவு கிடைத்தது என்று சரிதம் சொல்லவில்லை. ஏதோ கிடைத்ததாக மக்கள் கருதினர் என்று மட்டும் குறிப்பாற் சொல்கிறது. ஆனால் அச்சரிதம் விரிவாகச் சொல்வது வேறொன்று. குகையினுள் இரண்டு மனிதருடைய எலும்புகளை அவன் கண்டான். முந்திய ஆண்டுகளில், கிறிஸ்து பிறந்த திருநாள் இரவுகளிலே, பண்ணை வீட்டிலிருந்து காணாமற்போன இருவருடைய எலும்புகள் அவை. அவற்றைப் பையிலிட்டுத் தோளிற் சுமந்து, கயிறேறி வந்து, இரவோடிரவாகக் கோயில் வாயிலில் வைத்து, நடந்ததைக் கூறும் எழுத்துப் பொறித்த கோல் ஒன்றையும் உடன் வைத்துச் சென்றான். காணாமற்போனவர் என்னவானார் என்பதை வீட்டார் அறிந்தனர். எலும்புகளும் அடக்கம் பெற்றன.

வால்ஹைமின் குகையிலும் எலும்புத் துண்டுகள் கிடைக்கின்றன என்றோம். அவை யாருடையவை? அவ்விளையாட்டு சொல்வதில்லை, ஆடுவோரும் கேட்பதில்லை. அவற்றைச் சேர்த்து எலும்புக் கேடயம் செய்யலாம் என்பதே ஆடுவோர் அறிந்தது. கிரெட்டிரின் கையில் மனிதனாயிருந்த எலும்பு, நம் கையில் சரக்காகிவிட்டது.

இன்னொன்று. அக்குகையில் ஒருமுறை கொல்லப்பட்ட ட்ரோல் மீண்டு தோன்றாது. காட்டில் வேறு ட்ரோல்கள் வரும், அக்குகைக்கு வாரா. மறுநாள் போனால் திறந்த பேழையும், பறித்த காளான் நின்ற தடமும், வெற்றுச் சுவருமே காண்போம். முதன்முறை அங்கே அடிவைக்கையில் இருந்த அச்சமும் போயிற்று, ஆசையும் போயிற்று. சிலர் அவ்வெறுங்குகைக்குள் புகுந்து, சுவரில் மோதித் திரும்பி, ஏன் வந்தோம் என்று தெரியாது நிற்பதை யாம் கண்டதுண்டு. இதனை ஆக்கியோர் வேண்டுமென்றே இங்ஙனம் வைத்தனரோ, கணக்கின் எளிமை கருதி வைத்தனரோ, எதுவாயினும் இவ்வெறுமை நன்றாகவே அமைந்துளது என்று யாம் கருதுகின்றோம். கொன்றதன் பயனைக் கொன்றவன் தன் கண்ணால் காண அது ஓரிடம் தருகிறது. குறை என்னவெனின், காண்பதற்கு அப்பால் அவன் செய்தற்கு ஒன்றும் வைக்கப்படவில்லை.

"வரைந்த பூதத்துக்கு வாழ்வுரிமை பேசுகிறீரோ?" என்று நகையாடுவார்க்கு ஒரு விடை. பூதத்தின் உரிமையைப் பற்றி எமக்குக் கவலையில்லை. வெளியே வர இயலாதபடி அடைத்து வைக்கப்பட்ட ஒன்றைத் தேடிச் சென்று கொல்லுதலை வீரமென்று நூறுமுறை பயிலும் கையைப் பற்றியே எம் கவலை. வெளியில் திரிந்து நம் குடிலை இடித்து, ஆடுமாடுகளைப்போல் நாம் வளர்க்கும் பன்றிகளைக் கொல்லும் ட்ரோலை எதிர்ப்பது வேறு. நிலம் அதிர்கிறது என்ற அறிவிப்போடு அவை கூட்டமாக வரும் நாளும் அவ்விளையாட்டில் உண்டு. அன்று யாரும் அறத்தைப் பற்றி வினவ நேரமிராது. கிரெண்டெல் அரசன் மாளிகைக்கு வந்து முப்பதின்மரை ஒரே இரவில் கொண்டுபோனான். அதனால் பேயோவுல்ப் புறப்பட்டான். ஐஸ்லாந்துப் பூதங்கள் வீட்டுக்குள் வந்து ஆளைக் கொண்டுபோயின. அதனால் கிரெட்டிர் கயிறு பிடித்தான். ட்ரோல் குகையில் நம்மைப் புகுத்துவதற்குக் காரணம் ஒன்றும் முன்னால் நிகழ்வதில்லை. பேழை இருக்கிறது, ஆகவே புகுகின்றோம்.

இக்குறையைத் தீர்த்தல் கடினமன்று. குகையை மாற்ற வேண்டா. ட்ரோலைச் சாதுவாக்கவும் வேண்டா. அதன் 600-இல் ஒன்றையும் குறைக்க வேண்டா. 2022-ஆம் ஆண்டில் பனிமலைக் குகைகளையும், அவ்வாண்டின் இறுதியிலே மூடுபனி நிலத்துச் சுரங்கங்களையும் புதியனவாகச் சேர்த்த அக்குழுவினர்க்கு, இன்னும் ஒரு சிறு பொருளைச் சேர்த்தல் பெரிதாகாது. பேழையிற் கிடைக்கும் எலும்புகளைக் காட்டின் எல்லையில் ஒரு கல்லின்கீழ் வைத்து, அக்கல்லின்மேல் ஒரு வரி எழுதுதற்கு இடம் தரட்டும். பலகையில் எழுதி நடும் வசதி அவ்வுலகத்தில் ஏற்கனவே உளது. எம் நண்பர் சிலர் அதனைக் கோழிக்கூண்டுக்கும் சரக்கறைக்கும் பெயரெழுதவே பயன்படுத்துகின்றனர். அதனை ஒருமுறை குகைவாயிலில் நட்டுப் பார்க்கலாம். நம் விடுதியார் ஆடும் உலகத்தில் கருங்காட்டின் தென்கரையிலே, வெறுமையான இரண்டு குகைகளின் எதிரில், அத்தகைய பலகைகள் இப்பொழுதே நிற்கின்றன. எவர் நட்டார் என்று கேட்டதற்கு இதுவரை ஒருவரும் வாய் திறந்திலர்.